பதினேழு அங்குலம்

காற்றுக்காரர் சக்கரத்தைக் கழற்றி, டயரைப் பிரித்து, ரிம்மை மட்டும் தரையில் படுக்கவைத்தார். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து அதன் உள்விளிம்பை ஆள்காட்டி விரலால் மெல்லத் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. அங்கே சாக்கட்டியால் ஒரு கோடு போட்டார். ஒரு சாண் தள்ளி இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் நடுவில் விளிம்பு உள்பக்கமாக மடங்கியிருந்தது. மரக்கட்டையை அண்டை கொடுத்துச் சுத்தியலை எடுத்தார்.

டிரைவர் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு தட்டுக்கும் அவன் கண்கள் லேசாக மூடித் திறந்தன.

"இந்த மாசத்துல இது மூணாவது தடவை," என்றார் காற்றுக்காரர், நிமிராமல். "சொந்தக்காரங்ககூட என் வீட்டுக்கு இத்தனை தடவை வர்றதில்ல."

"ரோடு அப்படி இருக்குண்ணே."

"ரோட்டை ஏன் திட்டறீங்க? அது எல்லாருக்கும் ஒரே ரோடுதான்." சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, கழற்றிய டயரை உருட்டிக்கொண்டு வந்து அவன் முன்னால் நிறுத்தினார். டயரின் பக்கவாட்டில் மூன்று விரல்களை ஒட்டவைத்துக் காட்டினார். "ரப்பர் எவ்வளவு இருக்கு? மூணு விரல். இதுக்குள்ள காத்து எங்க நிக்கும்? பள்ளத்துல விழுந்தா முதல்ல ரப்பர் அமுங்கணும். இதுல அமுங்க இடமே இல்ல. அடி நேரா ரிம்முக்கு. ரிம்முல இருந்து உங்களுக்கு."

"எனக்கு இல்லண்ணே. பின்னாடி உக்கார்றவங்களுக்கு."

காற்றுக்காரர் அவனை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். வெறும் காற்று அடிக்கும் இயந்திரம் ஒன்றை வைத்துக்கொண்டு தெருவோரத்தில் தொழில் தொடங்கியவர் அவர். இப்போது கடையில் தகரக் கூரையும் தூக்கி நிறுத்தும் ஜாக்கிகளும் இருந்தன. பெயர் மட்டும் அதேதான்.

"உங்க ஷெட்ல நெட்டைன்னு ஒருத்தர் இருக்காரா?"

"இருக்கான். என் வண்டி மாதிரியே ஒண்ணு வச்சிருக்கான்."

"அவர் வண்டியில பதினஞ்சு அங்குலம். இரும்பு ரிம். டயர் போட்டு நாலு மாசம்கூட ஆகல. பெரிய செட் ஒண்ணு வேணும்னு நேத்து வந்து கேட்டுட்டுப் போனார். உங்களுது தட்டு வாங்கின ரிம், அவருது புது டயர். நாலுக்கு நாலு மாத்திக்கிட்டா சரியாப்போயிடும்." அவர் மறுபடி குந்தினார். "ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க. அவர் அவசரத்துல இருக்கார்."

"சின்னதா மாட்டினா வண்டி தாழ்ந்துடாதா?"

"ரிம்தான் சின்னது. டயர் தடிமன். மொத்தத்துல உயரம் அதேதான். உலோகம் குறையுது, காத்து கூடுது. மனுசனைத் தாங்கறது காத்துதானே தம்பி."

ரிம் சரியாகி, டயர் ஏறி, சக்கரம் வண்டியில் பொருந்தும்வரை டிரைவர் அங்கேயே உட்கார்ந்திருந்தான். சுத்தியல் பட்ட இடத்தில் விரல்நகம் அளவுக்குப் பூச்சு உதிர்ந்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது.

வாடகைக் கார் கம்பெனியின் ஷெட்டில் இரண்டு வரிசைகள். முதல் வரிசை தகரக் கூரைக்குக் கீழே, நிழலில். இரண்டாம் வரிசை வெளியே, வெயிலில். முதல் வரிசை வண்டிகளுக்கு நீண்ட தூரச் சவாரிகளும் பெரிய அலுவலகங்களின் சவாரிகளும் வரும். இரண்டாம் வரிசைக்குக் கிடைப்பது கடைத்தெரு, பள்ளிக்கூடம், மிஞ்சிப்போனால் ரயில் நிலையம்.

எந்த வண்டி எந்த வரிசை என்பதைச் சூப்பர்வைசரின் கோல்தான் தீர்மானித்தது. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி காலையில் அவர் ஒரு மரக்கோலை எடுத்துக்கொண்டு வருவார். அதில் பதினேழாவது அங்குலத்தில் ஒரு சிவப்புக் கோடு. ரிம்மின் குறுக்கே கோலை வைப்பார். சிவப்புக் கோட்டைத் தொட்டால் நிழல், தொடாவிட்டால் வெயில். விளம்பரப் படத்தில் பெரிய சக்கரம்தான் எடுப்பாக இருக்கிறது என்று தலைமை அலுவலகத்தில் யாரோ சொன்னதிலிருந்து இந்த வழக்கம். எஞ்சின் எப்படி ஓடுகிறது, சீட்டு எப்படி இருக்கிறது என்பதற்கெல்லாம் கோல் கிடையாது.

டிரைவர் இந்தக் காரை ஒரு வருடத்துக்கு முன்னால் பழையதாக வாங்கினான். முந்தைய சொந்தக்காரர் அழகுக்காகப் பெரிய சக்கரம் மாட்டிவைத்திருந்தார். அதனால் வந்த முதல் மாதமே நிழல் கிடைத்தது. அப்போதே ஒரு வருடமாக வெயிலில் நின்றுகொண்டிருந்த நெட்டை அன்று அவன் தோளில் தட்டி, "மச்சான், நீ வரும்போதே செருப்பு போட்டுக்கிட்டு வந்துட்ட. நாங்க இன்னும் வெறுங்காலு," என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் பொறாமை அதிகம் இல்லை.

டிரைவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு சவாரிக்கும் சாவியைத் திருகும் முன் உள்ளங்கையை ஸ்டியரிங்மேல் வைத்து, "ஏத்தினவங்களைப் பத்திரமா இறக்கிவிடு சாமி," என்று முணுமுணுப்பான். உதடு அசைவது மட்டும் தெரியும். சவாரி வந்தவர்கள் சிலர் அவன் போனில் பேசுகிறான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

மூன்று மாதமாக அவன் அதைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவந்தான், திங்கள், புதன், வெள்ளி காலைகளில். அந்த மூன்று நாட்களும் அவனுக்கு, அவன் அக்கா என்று கூப்பிடும் ஒரு பெண்மணியின் சவாரி.

அக்கா பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலையில் இருந்தவர். மேல் அடுக்கில் ஏறிப் பெட்டி எடுக்கும்போது மிதித்த பலகை பிசகி, பன்னிரண்டு அடி கீழே சிமெண்டுத் தரையில் முதுகு பட விழுந்தார். முதுகெலும்பில் இப்போது இரண்டு கம்பிகளும் ஆறு திருகாணிகளும் இருந்தன. வாரம் மூன்று நாள் மருத்துவமனையில் பயிற்சி. போய்வர ஆறு மாதத்துக்குத் தொழிற்சாலையே கார் ஏற்பாடு செய்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர் வீட்டு வாசலில் தயாராக நின்றார். இடுப்பில் பட்டை, கையில் ஒரு சின்னத் தலையணை. டிரைவர் கதவைத் திறந்து பிடித்தான். அவர் முதலில் பின்புறமாகத் திரும்பி சீட்டில் உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் சேர்த்து உள்ளே எடுத்தார். இதற்கே ஒரு நிமிடம் பிடித்தது.

"சாமிகிட்ட சொல்லியாச்சா தம்பி?"

"சொல்லிட்டேன்க்கா."

"இந்த ரோட்டைப் பத்தியும் ஒரு வார்த்தை போட்டு வைங்க."

அவர் வீட்டிலிருந்து மருத்துவமனை வரை வண்டி குலுங்கும் இடங்கள் இருபத்திரண்டு. டிரைவர் அவற்றை மனப்பாடமாக வைத்திருந்தான். ஒவ்வொன்றும் வரும் முன்னால் பஸ் கண்டக்டர் நிறுத்தம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டே போவான். அக்கா அதற்கு ஏற்றாற்போலத் தலையணையை முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவில் அழுத்திக்கொள்வார்.

"சாக்கடை மூடிக்கா. இடது பக்கம்."

"ம்."

"பள்ளிக்கூடத்து வேகத்தடை. ரெண்டு."

"ம். ரெண்டு."

"பாலத்து இணைப்பு."

"இதுல குழந்தை நடக்கற வேகத்துலதான் போறீங்க. அப்பவும் உச்சந்தலை வரைக்கும் வருது." அவர் மூச்சை விட்டார். "உங்க வண்டி இருக்கே தம்பி, வெளியில இருந்து பாத்தா மாப்பிள்ளை மாதிரி இருக்கு. உள்ள ஏறினா மாமியார் மாதிரி இருக்கு."

டிரைவர் சிரித்தான். அடுத்து ரயில்வே கேட். அங்கே அவர் ஜோக்கு சொல்வதில்லை. தண்டவாளங்களுக்கு நடுவே கற்கள் பெயர்ந்து, எந்தப் பக்கம் ஒடித்தாலும் நான்கு குழிகள் தப்பாது.

"கேட் வருதுக்கா."

அவர் கைக்குட்டையை நான்காக மடித்து வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். ஒரு கை மேலே கைப்பிடியைப் பற்றியது. முதல் சக்கரம் இறங்கியது. டங். இரண்டாவது. டங். டிரைவர் கண்ணாடியில் பார்க்கக் கூடாது என்று நினைத்தான். பார்த்தான். அவர் கண்களை இறுக மூடியிருந்தார். கண்ணோரத்தில் நீர் இருந்தது. சத்தம் எதுவும் இல்லை.

மருத்துவமனை வாசலில் இறங்கும்போது அவர் கைக்குட்டையை உதறி மடித்துப் பையில் வைத்தார். "டாக்டர் என்ன சொன்னார் தெரியுமா? பயிற்சியில கிடைக்கறது பாதி, வர்ற வழியிலயே போயிடுதாம். பாவம், அவர் அந்தப் பக்கம் தைக்கறார், நாம இந்தப் பக்கம் பிரிக்கறோம்." சொல்லிவிட்டு, "உங்களைக் குத்தம் சொல்லல தம்பி. நீங்க இல்லேன்னா இன்னும் கஷ்டம்," என்று சேர்த்தார்.

அன்று மத்தியானம் டிரைவர் சூப்பர்வைசரின் மேசை முன்னால் போய் நின்றான்.

"சார், பதினஞ்சு அங்குலம் மாட்டினா என்ன ஆகும்?"

"வெயில்ல நிக்கணும்." சூப்பர்வைசர் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எதுக்குப்பா உனக்கு இந்த ஆசை? அவனவன் பெருசு கிடைக்குமான்னு அலையறான்."

"பிஸ்கட் கம்பெனி அக்காவுக்கு முதுகு தாங்கல சார். அந்தச் சவாரி எனக்கே இருக்குமா?"

சூப்பர்வைசர் ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்தார். "அந்தம்மா உன் பேரைச் சொல்லிக் கேட்டுத்தானே போட்டது. உன் பேர்லதான் இருக்கு. அது எங்க போகப்போகுது?"

"நிச்சயமா சார்?"

"நிச்சயம்ப்பா. மத்த சவாரிதான் குறையும். அதை வீட்டுல கேட்டுக்கிட்டுச் செய்."

வீட்டில் அவன் மனைவி சட்டைகளுக்குப் பொத்தான் தைக்கும் வேலை செய்துவந்தாள். தையல் கூடத்திலிருந்து சட்டைகள் மூட்டையாக வரும். பொத்தான்கள் ஒரு பெரிய தகர டப்பாவில் வரும். ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு சட்டைக்கு ஒன்பது என்று தைத்துப் போடுவாள். சனிக்கிழமை மாலை அவன் விஷயத்தைச் சொன்னபோது அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"மூணுல ஒரு பங்கு வருமானம் போயிடும்னு சொல்றீங்க."

"போகும்."

"நிழல்ல இருந்து வெயிலுக்குப் போறோம்னு யாராவது கேட்டு வாங்கிக்கிட்டுப் போவாங்களா?" அவள் நூல் நுனியைப் பல்லால் கடித்தாள். "அந்தக்காவுக்கு வலிக்குது, சரி. வலிக்காத மாதிரி ஓட்ட முடியாதா உங்களால? பெரிய டிரைவர்னு பேரு மட்டும்."

"இருபத்திரண்டு இடத்துலயும் ஒடிச்சுத்தான் ஓட்டறேன்."

அவள் மூன்று பொத்தான்கள் தைத்து முடித்தாள். "இந்த வண்டி வாங்கி ஒரு வருசம் ஆச்சு. நான் பின் சீட்டுல உக்காந்ததே இல்ல, தெரியுமா உங்களுக்கு?"

அவனுக்கு அப்போதுதான் அது உறைத்தது. அவள் எப்போதும் முன்னால்தான் உட்காருவாள். அவனும் முன்னால்தான். அந்த வண்டியின் பின் சீட்டு எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தைத்த சட்டை மூட்டையையும் மிஞ்சிய பொத்தான்களையும் கூடத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. மூட்டையை முன் சீட்டில் வைத்துவிட்டு, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் ஏறினாள். "அந்தக்கா போற வழியிலேயே போங்க. சுத்துனாலும் பரவால்ல."

சாக்கடை மூடியில் டப்பா ஒருமுறை கலகலத்தது. வேகத்தடைகளில் இரண்டு முறை. பாலத்து இணைப்பில் அவள் "அம்மா" என்று தன்னை அறியாமல் சொல்லிவிட்டு, உடனே, "ஒண்ணுமில்ல, போங்க," என்றாள்.

"கேட் வருது," என்றான் அவன், பழக்கதோஷத்தில்.

இரண்டாவது குழியில் டப்பாவின் மூடி தெறித்தது. பொத்தான்கள் சீட்டிலும் தரையிலும் அவள் தலைமுடியிலும் சிதறின. கேட்டைத் தாண்டி ஓரமாக வண்டியை நிறுத்தினான். அவள் கீழே இறங்கி, இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு சிறிது நேரம் நின்றாள். பிறகு குனிந்து பொத்தான்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். அவனும் வந்து மறுபக்கத்தில் மண்டியிட்டுப் பொறுக்கினான். சீட்டுக்குக் கீழே இருவர் கைகளும் ஒரே பொத்தானில் பட்டன.

"எனக்கு நல்ல முதுகு," என்றாள் அவள். "எனக்கே இப்படி இருக்கு."

அவன் கையிலிருந்த பொத்தான்களை டப்பாவில் போட்டான்.

"மாத்திடுங்க. நான் கூடத்துல சொல்லி இன்னும் நாலு மூட்டை கூட வாங்கிக்கறேன்." டப்பாவை மூடி அழுத்தினாள். "திரும்பி வரும்போது நான் முன்னாடிதான் உக்காருவேன், இப்பவே சொல்லிட்டேன்."

சாயங்காலம் காற்றுக்காரர் கடையில் இரண்டு வண்டிகளும் அருகருகே ஜாக்கியில் நின்றன. நெட்டை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தப் பெரிய சக்கரங்களைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவன் மூத்த பெண் வரும் வருடம் மேல்படிப்புக்குப் போக வேண்டும். இரண்டு வருடமாக வெயிலில் நின்று அவன் காதுமடல்கள் கறுத்துப்போயிருந்தன.

"மச்சான், நிஜமாத்தான் குடுக்கறியா? நாளைக்கு வந்து அழக் கூடாது."

"அழமாட்டேன்."

"மண்டையில ஏதும் அடிபட்டுச்சா உனக்கு?"

"மண்டையில இல்ல. முதுகுல," என்றான் டிரைவர். நெட்டைக்குப் புரியவில்லை. ஆனாலும் சிரித்தான்.

காற்றுக்காரர் முன்சக்கரத்தில் சின்ன ரிம்மைப் பொருத்தி, கையால் சுழற்றி, உள்ளே பிரேக்கில் உரசுகிறதா என்று காதைக் கிட்டே வைத்துக் கேட்டார். உரசவில்லை. நட்டுகளையும் மாற்றினார். பெரியதற்கு உள்ள நட்டு வேறு, இரும்பு ரிம்முக்கு உள்ளது வேறு என்றார். எல்லாம் முடிந்து வண்டி தரையில் இறங்கியபோது அது சற்றுக் குண்டாக, வீட்டில் இருக்கும்போது உடுத்தும் துணியோடு நிற்பதுபோல நின்றது.

மறுநாள் திங்கள். அக்கா எதையும் கவனிக்கவில்லை. வழக்கம்போல உட்கார்ந்து, தலையணையை முதுகில் வைத்து, கைக்குட்டையை மடித்துக் கையில் எடுத்துக்கொண்டு கண்களை மூடினார். டிரைவர் வேண்டுமென்றே ஒன்றையும் அறிவிக்கவில்லை. சாக்கடை மூடி, வேகத்தடை, பாலம் எல்லாம் போயின. டயர்கள் ஒவ்வொரு பள்ளத்திலும் அமுங்கி எழுந்தன.

"என்ன தம்பி, இன்னிக்குப் பேச்சையே காணோம். கேட் வந்தா சொல்லுங்க."

"கேட் தாண்டிட்டோம்க்கா."

அவர் கண்களைத் திறந்து ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தார். பின்னால் கேட்டின் கம்பம் தெரிந்தது. கையிலிருந்த கைக்குட்டையைப் பார்த்தார். அது மடித்த மடிப்பிலேயே இருந்தது.

"என்ன பண்ணீங்க?"

"சக்கரத்தை மாத்தினேன்."

அக்கா கைக்குட்டையை மடிப்புக் கலையாமல் பையில் வைத்துக்கொண்டார். திரும்பி வரும்போது, பயிற்சியின் களைப்பில், தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனார். மூன்று மாதத்தில் அவர் அந்த வண்டியில் தூங்குவது அதுதான் முதல் தடவை. டிரைவர் வீடு வரைக்கும் ஹாரன் அடிக்கவில்லை. வாசலில் வந்து நின்ற பிறகும் எஞ்சினை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான்.

புதன்கிழமை அவர் தலையணையைக் கொண்டுவரவில்லை.

வியாழன் முதல் தேதி. சூப்பர்வைசர் கோலோடு வந்தார். டிரைவரின் வண்டியில் கோலை வைத்தபோது ரிம்மின் விளிம்பைத் தாண்டிச் சிவப்புக் கோடு ரப்பர்மேல் தனியே நின்றது. "பின்னாடி எடுத்துக்கோப்பா," என்றார். நெட்டையின் வண்டியில் கோடு சரியாக விளிம்பைத் தொட்டது. யாரோ கைதட்டினார்கள். டிரைவர் வண்டியை வெயிலுக்கு எடுத்தான். நெட்டை நிழலுக்கு எடுத்தான். வழியில் இருவரும் ஒருவருக்கொருவர் ஹாரன் அடித்துக்கொண்டார்கள்.

சாயங்காலம் அக்காவிடமிருந்து போன் வந்தது.

"ஆபீஸ்ல இருந்து பேசினாங்க தம்பி. நாளையில இருந்து எனக்கு நல்ல வண்டியா மாத்திக் குடுத்திருக்காங்களாம். நான் உங்களைப் பத்தி எதுவும் சொல்லலையே. ஏதாவது தப்பாப் பேசிட்டேனா நானு?"

டிரைவர் சூப்பர்வைசரின் மேசைக்கு ஓடினான். அவர் அவனைப் பார்த்ததுமே கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"உன் பேர்லதான் இருந்துச்சுப்பா. பொய் சொல்லல. வரிசை மாறினதும் கம்ப்யூட்டரே உன் பேரை எடுத்துட்டு, புதுசா நிழலுக்கு வந்த நெட்டை பேரைப் போட்டுடுச்சு. அந்தக் கடுதாசியை இன்னிக்குத்தான் நான் முழுசாப் படிச்சேன்." மேசை இழுப்பறையிலிருந்து தொழிற்சாலையின் கடிதத்தை எடுத்து நீட்டினார். 'காயமுற்ற தொழிலாளியின் வசதியை முன்னிட்டு, முதல் வரிசை வண்டி மட்டுமே அனுப்பப்பட வேண்டும்.' "நல்ல மனசோடதான் எழுதியிருக்காங்க. என்ன செய்ய?"

"நான் காசு வாங்காம கூட்டிட்டுப் போறேன் சார்."

"போகலாம். அப்புறம் அந்தம்மா பிஸ்கட் கம்பெனி குடுத்த வண்டி வேண்டாம்னு சொன்னதா ஆகும். மிச்சம் மூணு மாசமும் நின்னுபோயிடும். வேண்டாம்னு கையெழுத்து வாங்க அங்க கணக்குப் பாக்கறவங்க காத்துக்கிட்டிருக்காங்க. நம்ம நல்லது பண்றேன்னு போயி அந்தம்மா வயித்துல அடிக்கக் கூடாது."

டிரைவர் கடிதத்தை மடிப்புப் பிசகாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு நெட்டை ஷெட்டுக்குத் திரும்பினான். வண்டியை நிழலில் விட்டுவிட்டு, வெயிலில் டிரைவரின் வண்டிக்கு வந்து, முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான்.

"மச்சான். கேட்டுகிட்ட அந்தக்கா துணியை வாயில வச்சுக் கடிச்சாங்கடா."

"தெரியும்."

"ஒரு சத்தம் இல்ல. ஏதாவது திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். இறங்கும்போது எனக்கு நன்றி வேற சொல்றாங்க." நெட்டை தன் நீண்ட கால்களை மடக்க முடியாமல் அசைந்தான். "இதுக்குத்தான் மாத்தினியா? அன்னிக்கே சொல்லியிருக்கலாமே. இப்பவே காத்துக்காரர்கிட்ட போவோம், வா. உன் சக்கரத்தை நீ எடுத்துக்கோ."

டிரைவர் வேண்டாம் என்று தலையசைத்தான். "எடுத்துக்கிட்டா சவாரி எனக்கு வரும். அக்கா வந்து உக்கார்றது அதே சக்கரத்து மேலதான். வண்டிதான் மாறும்."

நெட்டை அதை யோசித்துப் பார்த்தான். இரண்டு விதமாகவும் யோசித்துவிட்டு, "ஆமாம்ல," என்றான்.

"உன் பொண்ணுக்குப் படிப்பு இருக்கு. நிழல் உன்கிட்டயே இருக்கட்டும்."

"அப்ப எந்த எடத்துல எப்படி ஒடிக்கணும்னாவது சொல்லு."

டிரைவர் சொல்ல ஆரம்பித்தான். சாக்கடை மூடிக்கு வலது, அதைத் தாண்டினதும் உடனே இடது, கொல்லன் பட்டறை வாசலில் நடுவில் போகாதே, பாலத்தில் வலது சக்கரம் வெள்ளைக் கோட்டின் மேலேயே இருக்கட்டும். எட்டாவது இடத்தில் நெட்டை கையெடுத்துக் கும்பிட்டான். "பள்ளிக்கூடத்துலயே எனக்கு மனப்பாடம் வராதுடா. அதான் ஸ்டியரிங் பிடிச்சேன்."

"சரி," என்றான் டிரைவர். "திங்கக்கிழமை நான் முன்னால போறேன். நான் ஒடிக்கற எடத்துல நீ ஒடி. நான் எந்தப் பக்கம் விளக்குப் போடறேனோ அந்தப் பக்கம் பள்ளம். ரெண்டு பக்கமும் போட்டா கேட்."

திங்கட்கிழமை எட்டரை மணிக்கு அவன் வண்டியைக் கிளப்பியபோது சூப்பர்வைசர் வாசலில் நோட்டோடு நின்றார். சவாரி இல்லாமல் வண்டி வெளியே போனால் காரணம் எழுத வேண்டும் என்பது விதி.

"எங்கப்பா? உனக்குச் சவாரி எதுவும் இல்லையே."

டிரைவர் பின்கண்ணாடியைப் பார்த்தான். சூப்பர்வைசர் அவனையும், பின்னால் புறப்பட்டு நிற்கும் நெட்டையின் வண்டியையும் பார்த்தார். நோட்டில் தானே எழுதினார்: 'காற்று நிரப்ப.' பிறகு, "திங்கள், புதன், வெள்ளி மூணு நாளும் உன் டயர்ல காத்து இறங்குது போல," என்று சொல்லிக்கொண்டே வழி விட்டார்.

அக்கா வாசலில் நின்றார். கையில் தலையணை மீண்டும் வந்திருந்தது. இரண்டு வண்டிகளைக் கண்டு ஒரு கணம் அவர் முகம் மலர்ந்தது. நெட்டை இறங்கி, பெரிய சக்கர வண்டியின் கதவைத் திறந்து பிடித்தான். அவர் பின்புறமாகத் திரும்பி உட்கார்ந்து, கால்களைச் சேர்த்து உள்ளே எடுத்தார். டிரைவர் பக்கத்தில் போய்க் குனிந்தான்.

"நான் முன்னால போறேன்க்கா. மெதுவா."

"காலியாவா போறீங்க தம்பி?"

"வீட்டுக்காரி வேலை குடுத்திருக்கா. பொத்தான் டப்பாவைக் கூடத்துல சேர்க்கணும்."

அது உண்மைதான். புதிதாக வாங்கிய நான்கு மூட்டைகளும் தைத்தாகிவிட்டன. மூட்டைகள் முன் சீட்டிலும் டிக்கியிலும், டப்பா பின் சீட்டின் நடுவிலும் இருந்தன. அவன் தன் வண்டியில் ஏறி உள்ளங்கையை ஸ்டியரிங்மேல் வைத்தான். ஏத்தினவங்களை என்று ஆரம்பித்து, பின்கண்ணாடியில் தெரிந்த அடுத்த வண்டியைப் பார்த்துக்கொண்டே மீதியைச் சொல்லி முடித்தான்.

சாக்கடை மூடி வந்தது. இடது விளக்கைப் போட்டு வலப்பக்கம் ஒடித்தான். பின்னால் நெட்டையின் வண்டியும் ஒடித்தது. அதன் முன்சக்கரத்தில் விரல்நகம் அளவு வெள்ளைத் தழும்பு சுற்றிச் சுற்றி வந்தது. பட்டறை வாசல், வேகத்தடை, பாலம். இரண்டு வண்டிகளும் ஒரே நூலில் கட்டியவைபோல வளைந்து வளைந்து போயின. பின்னால் வந்த ஒரு லாரி பொறுமையிழந்து ஹாரன் அடித்து, கடந்து போனது.

கேட்டுக்கு முன்னால் அவன் இரண்டு விளக்குகளையும் போட்டான். அங்கே ஒடிக்க வழியில்லை. அவன் வண்டி முதலில் இறங்கியது. நான்கு குழிகளிலும் டயர்கள் அமுங்கி எழுந்தன. பின் சீட்டில் பொத்தான் டப்பா இருந்த இடத்திலேயே இருந்தது. உள்ளே ஒரு பொத்தான்கூடச் சத்தம் போடவில்லை.

தண்டவாளத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்திக் கண்ணாடியைப் பார்த்தான். நெட்டையின் வண்டி கேட்டின் விளிம்பில் நின்றிருந்தது. டிரைவர் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, மெதுவா, மெதுவா என்று விரல்களை அசைத்தான். அந்தப் பெரிய சக்கரம் முதல் குழிக்குள் இறங்கும்போது, பின் சீட்டில் ஒரு கை உயர்ந்து மேலே இருந்த கைப்பிடியைப் பற்றியது. இன்னொரு கை வாயருகே போனது.